எலுமிச்சம்பழத்துக்கு ஊற்றிய தண்ணீர்

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து எழுதுகிறேன். காலைப் பூசைக்குக் கோயில் நிரம்பி வாசல் வரை ஆள் நின்றது. இன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. சாம்பல் பூச ஒரு பக்கம் ஃபாதர் ரெக்ஸ், மறுபக்கம் நான். என் வரிசைதான் நீளம். பெருமைக்காக எழுதவில்லை, கண்ணால் கண்டதை எழுதுகிறேன். பங்குச் சாமியார்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கஸ்பார் உபதேசியார் மாறுவதில்லை என்று ஜனங்களுக்குத் தெரியும். என்னிடம் ஞானோபதேசம் படிக்காமல் இந்த ஊரில் யாரும் புதுநன்மை வாங்கியது கிடையாது.

மதியம் மருமகள் எப்சிபாவை அவள் அப்பா வந்து வள்ளியூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிரசவம் மே மாதம். என் ஒரே மகன் டென்சில் கப்பலில் இருக்கிறான், அப்போதுதான் வருவான். என் மனைவி பிரகாசி முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். மாமியாரும் மருமகளும் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

அவள் அப்பாவைப் பற்றி என்ன எழுத. பாஸ்டர் யோபுராஜ். வள்ளியூரில் தகரக் கொட்டகை போட்டுப் பெந்தெகொஸ்தே சபை நடத்துகிறார். பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பது ஞானஸ்நானமே இல்லை, அறிவு வந்த பிறகு ஆற்றில் முழுக வேண்டும் என்று ஒலிபெருக்கி வைத்து முழங்குகிறவர். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, இவர் எனக்குச் சம்பந்தி.

மார்ச் 9, ஞாயிறு

தவக்காலத்து முதல் ஞாயிறுதோறும் நான் நடத்தும் வகுப்பு இன்று. ஆபத்தில் ஞானஸ்நானம், அதாவது சாகக் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் யாரும் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது. பொம்மையை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு ஒரு கண் மூடாது, போகட்டும், பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவராக வந்து ஊற்றிக் காட்ட வேண்டும். தண்ணீர் தோலில் ஓட வேண்டும். ஊற்றும்போதே வார்த்தையைச் சொல்ல வேண்டும், ஊற்றிவிட்டுச் சொல்லக் கூடாது. சாமியார் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆணோ பெண்ணோ, எந்த மதத்து ஆளோ, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு ஊற்றினால் அது ஞானஸ்நானம்தான். இந்த ஊரில் தண்ணீர் ஊற்றத் தெரியாத வீடு ஒன்று கூட இல்லை. எந்தப் பங்கிலும் இப்படிக் கிடையாது என்று ஆயரே சொல்லியிருக்கிறார்.

மீன் விற்கும் மிக்கேலம்மாள் எழுந்து, "அல்லேலூயாக்காரவுக ஊத்துனா செல்லுமா உபதேசியாரே?" என்று கேட்டாள். என் சம்பந்தியை வைத்துத்தான் கேட்கிறாள், வாயாடி.

"செல்லுமா செல்லாதாங்கிறது பெறவு. அவுக பிள்ளைக்கு ஊத்தவே மாட்டாவளே," என்றேன். கூட்டம் சிரித்தது.

இதே பேச்சு டென்சில் கல்யாணப் பந்தியிலும் வந்தது. எப்சிபா தாமிரபரணியில் முழுக்கு எடுத்தவள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவர் பெயரும் சொல்லித்தான் முழுக்கியிருக்கிறார்கள், ஆகவே அது செல்லும், மறுபடி கொடுக்கக் கூடாது என்று ஃபாதர் ரெக்ஸ் சொல்லிவிட்டார். என் கையால் அவளை ஞானஸ்நானத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருந்தேன், அது நடக்கவில்லை. அந்த வருத்தத்தில் பந்தியில் சம்பந்தியை வம்புக்கு இழுத்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. இலையில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, இதுதான் பிள்ளை என்று வைத்துக்கொண்டு, டம்ளர் தண்ணீரை ஊற்றி, வார்த்தையைச் சொல்லிக் காட்டினேன். அவர் நிதானமாகப் பாயசத்தைக் குடித்துவிட்டு, "எலுமிச்சம்பழம் ரட்சிக்கப்பட்டுட்டா சம்பந்தி?" என்றார். பெண் வீட்டார் பக்கம் முழுக்கச் சிரிப்பு. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மார்ச் 10

கல்லறைத் தோட்டத்துத் தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் புல் மண்டிக் கிடந்தது. வெட்டிவிட்டு வந்தேன். கோயில் நிலம், உபதேசியார் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது.

மார்ச் 16, ஞாயிறு

ஃபாதர் ரெக்ஸுக்கும் எனக்கும் வாக்குவாதம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று பழையபடி சொல்லிக்கொடுத்தேன். பின்னால் நின்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உபதேசியாரே, அந்த வாக்கியம் சரிதான். ஆனா அதை யாரைப் பார்த்துச் சொல்றோம்? திருச்சபைதான் உண்மைன்னு மனசாரத் தெரிஞ்சும் உள்ளே வரமாட்டேன்னு நிக்கிறவனைப் பார்த்து. பெந்தெகொஸ்தே வீட்டிலேயே பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, கிறிஸ்துவை நேசிச்சு வாழறவங்களைப் பார்த்து இல்ல. அவங்க நம்ம சகோதரங்க. நம்மோட முழு ஒன்றிப்பு இல்ல, அவ்வளவுதான்."

"அப்ப உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன சாமி? எல்லாம் ஒண்ணுன்னு சொல்லிட்டு நான் வீட்டுல படுத்துக்கிடுதேன்."

"ஒண்ணுன்னு சொல்லலியே. உள்ளே இருக்கிற நமக்குப் பொறுப்பு அதிகம்னு சொல்றேன்."

படித்த ஆள், அழகாகப் பேசுகிறார். ஆனால் வரிசை என் பக்கம்தான் நீளம்.

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள்

பூசை முடிந்து வெளியே வரும்போது சம்பந்தியம்மாவின் போன். எப்சிபாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆபரேசன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் ஆகவில்லை. ஆண் பிள்ளை. மூச்சு விட முடியவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

தீர்த்தக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பிரகாசி வழியெல்லாம் செபமாலை சொன்னாள். நான் பதில் சொன்னேனா என்று நினைவில்லை. டிரைவரிடம் சண்டை போட்டது மட்டும் நினைவிருக்கிறது. ஸ்டாப் இல்லாத இடத்தில் எல்லாம் நிறுத்தி ஆள் ஏற்றினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். நான் குப்பியை எடுத்துக்கொண்டு நேரே கதவுக்குப் போனேன். இப்போது யாரையும் விடமாட்டார்கள், காலையில் நிலைமை மோசமானபோது மட்டும் வீட்டு ஆள் ஒருவர் வந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டார்கள், நான் போனேன் என்றார். பிறகு சொன்னார்.

"சம்பந்தி, பிள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டேன்."

"என்ன தண்ணி?"

"ஞானஸ்நானம்."

எனக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் இந்த நேரத்திலும் எலுமிச்சம்பழக் கேலியா என்று தோன்றியது. "ஒம்ம யாரு ஊத்தச் சொன்னா? நம்பாத மனுசன் ஊத்துன தண்ணி தண்ணியா? என் பேரன்தான் கெடச்சானா ஒமக்கு விளையாட?" என்று கத்திவிட்டேன். நீங்க என்று பேசிக்கொண்டிருந்த வாயில் நீரும் ஒம்மும் வந்தது. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிரகாசி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

குப்பி திறக்கப்படாமலே என் பையில் இருக்கிறது.

மார்ச் 26

பிள்ளை இருக்கிறான்.

மார்ச் 29

இருக்கிறான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். விரல்கள் மட்டும் நல்ல நீளம், எங்கள் வீட்டு விரல்.

எப்சிபா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "மாமா, அப்பா மேல கோவமா?" என்று கேட்டாள். பச்சை உடம்புக்காரியிடம் என்ன சொல்வது. காப்பி வாங்கி வருகிறேன் என்று கீழே போய்விட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். பால் குடிக்கிறான். பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நிபந்தனை ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். முந்திய ஞானஸ்நானத்தில் சந்தேகம் இருந்தால், "நீ ஏற்கெனவே பெற்றிருக்காவிட்டால்" என்று சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது. இது எனக்குத் தெரியாத விஷயமா.

"சந்தேகம் உங்களுக்கா, உண்மையிலேயே இருக்கா?" என்றார்.

"எனக்கு இருந்தா போதாதா சாமி?"

"போதாது. முதல் தடவை சரியா நடந்திருந்து நாம திரும்பவும் ஊத்தினா, அங்கே கடவுள் செஞ்சதை நாம இல்லைன்னு சொல்ற மாதிரி. நம்பிக்கை இல்லாத ஆள் ஊத்தினாலும் செல்லும்னு பொம்மையை வச்சுச் சொல்லித் தர்றது நீங்கதானே? ஈஸ்டர் முடியட்டும். பாஸ்டரை வரச்சொல்லிக் கேட்போம்."

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என் பேரன் விஷயத்தில் ஒரு துளிச் சந்தேகம் இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் வீம்பு என்கிறார்கள். ஆமாம், வீம்புதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 8

தெற்குச் சுவர். புல் அதற்குள் முளைக்கவில்லை. இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பிள்ளை வள்ளியூர் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று போன். சிலுவை முத்தியின்போது எனக்குக் கண்ணீர் வந்தது. பெரிய வெள்ளி, எல்லோருக்கும் வரும்.

ஏப்ரல் 23, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

சம்பந்தி வந்தார். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், சாமியார் வீட்டுக்குள் நேராக நடந்து வந்தார். எங்கள் ஊர்ச் சாமியார் வீட்டுக்குள் ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்டர் வந்து நான் பார்த்ததில்லை. பிரகாசியும் கூட வருவேன் என்று வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டாள். ஃபாதர் டீ கொடுத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"என்ன தண்ணீர் ஊத்தினீங்க பாஸ்டர்?"

"நர்ஸம்மா கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி கொஞ்சம் குடுத்தாவ. குளிரக் கூடாதுன்னு கையில தொட்டுப் பாத்துட்டுத்தான் தந்தாவ. மூடியில எடுத்து நெத்தியில ஊத்தினேன்."

"தோல்ல ஓடுச்சா? தெளிச்சீங்களா?"

"தெளிக்கல சாமி. ஓடுச்சு. காதுப் பக்கம் வந்தத நர்ஸம்மா பஞ்சால தொடச்சாவ. தண்ணி ஓடணும்னு சம்பந்தி கல்யாணப் பந்தியில காட்டுனத நெனச்சுக்கிட்டேன். அந்த எலுமிச்சம்பழம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"என்ன வார்த்தை சொன்னீங்க?"

"நாங்க பிதா, குமாரன்னு சொல்லுவோம். இவுக சொன்ன வார்த்தையிலயே சொல்லணும்னு, 'தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்'னு சொன்னேன். ஊத்தும்போதே சொன்னேன். ஊத்திட்டுச் சொல்லக் கூடாதுல்லா."

என் பாடம். ஒரு எழுத்து மாறாமல் என் பாடம். ஊரில் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தும் மிக்கேலம்மாள் தப்பாகத்தான் சொல்வாள். இந்த மனிதன் பாயசம் குடித்துக்கொண்டே படித்திருக்கிறார்.

ஃபாதர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "குழந்தை ஞானஸ்நானத்தை நீங்க நம்பறதில்லையே. என்ன நினைச்சு ஊத்தினீங்க?"

"நம்புதியான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா இவுக சபை பிள்ளைக்கு என்ன செய்யுமோ அத நான் செய்யுதேன்னு கர்த்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஊத்தினேன்."

"நம்பாததை ஏன் செய்யணும்?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "பிள்ள எங்க போவும்னு எனக்குப் பயமில்ல சாமி. கர்த்தர் கையில இருந்து வந்தது, அவர் கைக்கே போவும். அந்தப் பயம் சம்பந்திக்குத்தான். ஆபரேசனுக்குக் கொண்டு போவும்போது எம்மவ கையப் பிடிச்சுக்கிட்டா. 'பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மாமா வாரதுக்குள்ள ஊத்திருங்கப்பா. இன்னொரு தரம் அவரு தாங்க மாட்டாரு'ன்னு சொன்னா. அதான் ஊத்தினேன்."

"என்ன பேர் சொல்லி?"

"தொபியாஸ்."

மூலையில் பிரகாசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க வேதாகமத்துல அந்தப் பேருல உள்ள புத்தகமே கெடையாது சாமி," என்றார் சம்பந்தி. "இருந்தாலும் அந்தப் பேரச் சொல்லித்தான் ஊத்தச் சொன்னா. சொன்னபடி செஞ்சேன்."

இந்த நாட்குறிப்பில் இதுவரை எழுதாததை எழுதுகிறேன். டென்சிலுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். வீட்டில் பிறந்தான், பூசைக்கு மணி அடிக்கும் நேரம். பிரகாசியின் அண்ணன் சாமியாரைக் கூட்டிவர ஓடினான். சாமியார் வருவதற்குள் பிள்ளை போய்விட்டான். வீடு நிறைய ஆள், குடம் நிறையத் தண்ணீர், ஊற்றலாம் என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்று மந்திரித்த கல்லறை மண்ணில் வைக்கவில்லை, தெற்குச் சுவருக்கு வெளியே வைத்தார்கள். அடுத்த வருடம் நான் உபதேசியார் வேலைக்குப் போனேன். அவனுக்குத் தொபியாஸ் என்று பேர் வைப்பதாக இருந்தோம். அது எனக்கும் பிரகாசிக்கும் மட்டும் தெரியும். அவள் மருமகளிடம் சொல்லியிருக்கிறாள்.

ஃபாதர் எழுந்து சம்பந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இதுல சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல. பிள்ளை ஞானஸ்நானம் வாங்கிட்டான். நான் இனிமே ஊத்தினா தப்பு. எண்ணெய் பூசி, வெள்ளைத்துணி போட்டு, மெழுகுவர்த்தி கொடுக்கிறது மட்டும்தான் பாக்கி," என்றார்.

அப்போது நான் கேட்டுவிட்டேன். இத்தனை வருடம் எந்தச் சாமியாரிடமும் கேட்காததை, அதுவும் பெந்தெகொஸ்தே பாஸ்டர் முன்னால் கேட்டேன். "அப்ப மூத்தவன் சாமி?"

"மீட்புக்கு ஞானஸ்நானம் வேணும்னு கடவுள் நமக்குச் சொல்லியிருக்கார் உபதேசியாரே. அதுக்காகத் தன் கையைத் தானே கட்டிக்கிடல. அந்தப் பிள்ளையைத் திருச்சபை கடவுளோட இரக்கத்துல ஒப்படைச்சிருக்கு. சின்னப் பிள்ளைகள் என்கிட்ட வரட்டும்னு சொன்னவர் கையில. நாம நம்பிக்கையோட இருக்கலாம்."

"எனக்கு அதுல சந்தேகமே இல்ல," என்றார் சம்பந்தி.

இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்களா, வேறு வேறா என்று ஆராய எனக்கு அப்போது திராணி இல்லை. அழுதேன். சாமியார் வீட்டில் உட்கார்ந்து, சம்பந்தி முன்னால், சத்தமாக அழுதேன். எழுதிவிட்டேன், இனி அடித்து அழிக்கப் போவதில்லை.

மே 4, ஞாயிறு

சம்பந்தியம்மா பிரகாசிக்குப் போன் செய்தார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததைச் சம்பந்தி தானே சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டாராம். மறைத்திருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது. மூப்பர் ஒருவர் குடும்பத்தோடு எழுந்து போய்விட்டார். பின்னாலேயே இன்னும் சில குடும்பங்கள். கொட்டகை பாதி காலி.

நான் போன் செய்தேன். "கூட்டம் எப்படி?" என்றேன். "கொறஞ்சிருக்கு. ஃபேனுக்குக் கீழ உக்கார எல்லாருக்கும் எடம் கெடைக்கு," என்றார். என்ன மனிதன்.

மே 11, ஞாயிறு

டென்சில் வந்துவிட்டான். பேரனை ரேயான் என்றோ என்னவோ கூப்பிடலாம் என்றிருந்தானாம். எப்சிபா, "பேரு வச்சாச்சு. ரெண்டாவது தரம் வைக்கக் கூடாது," என்று முடித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு ஏற்ற மருமகள்.

சாயங்காலம் கோயிலில் மீதிச் சடங்கு. ஊரே வந்திருந்தது, புதினம் பார்க்க. சம்பந்தி தன் ஆராதனையை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்தார். அவர் ஞானத்தந்தையாக நிற்க முடியாது, ஆனால் சாட்சியாக நிற்கலாம் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். ஞானத்தாய்க்குப் பக்கத்தில், மாதா சுரூபத்துக்கு நேர் எதிரே நின்றார். மாதாவைப் பார்க்காமல் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவர் இஷ்டம்.

சடங்கில் ஃபாதர் ஒரு கேள்வி கேட்பார். இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார். பெற்றோர் பதில் சொல்வது வழக்கம். டென்சில் வாயைத் திறப்பதற்குள் நான் ஒரு அடி முன்னால் வந்துவிட்டேன். கோயில் மைக் எனக்குத் தேவையில்லை, என் குரல் ஊருக்குத் தெரியும்.

"வள்ளியூர் பெந்தெகொஸ்தே சபை பாஸ்டர் யோபுராஜ். என் சம்பந்தி. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, ஒரு குறையில்லாம குடுத்திருக்காரு."

என் வாழ்நாளில் இவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை. மிக்கேலம்மாள் பக்கம் திரும்பி, "செல்லும்," என்றும் சொன்னேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் பிள்ளையின் உச்சியில் எண்ணெய் பூசினார். தண்ணீர் ஊற்றவில்லை. தொட்டி மூடியே இருந்தது. மூடியைப் பார்த்தபோது எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் சம்பந்தி என் கையைப் பிடித்தார். "சொவரு எங்க இருக்கு?"

கூட்டிக்கொண்டு போனேன். எப்சிபா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டென்சிலுக்கு அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது, பிரகாசி நடந்துகொண்டே சொன்னாள். சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "செத்தவுகளுக்காக நாங்க ஜெபம் பண்ணுததில்ல சம்பந்தி," என்றார் தயக்கமாக.

"பண்ண வேண்டாம். கூட நில்லுங்க, போதும்."

நின்றார். நான் நித்திய இளைப்பாற்றி செபம் சொன்னேன். முடிந்ததும் அவர் பிள்ளையை வாங்கி, புல் வெட்டிய அந்த இடத்துக்கு நேராகக் குனிந்து காட்டினார். "தொபியாஸ், ஒன் தம்பி மவன்," என்றார்.

மே 14, புதன்

கொத்தனாரிடம் சின்னதாக ஒரு சிமெண்ட் சிலுவைக்குச் சொன்னேன். சுவருக்கு வெளியே எதற்குச் சிலுவை என்று கேட்டான். ஃபாதர் ரெக்ஸ் ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த இடத்தை மந்திரிக்கப் போகிறார், நீ வேலையைப் பார் என்றேன். என்ன எழுத வேண்டும் என்று கேட்டான்.

"தொபியாஸ். கஸ்பார் உபதேசியாரின் மூத்த மகன்."

"உங்களுக்கு ஒரே மவன்லா?" என்றான்.

"ரெண்டு," என்றேன்.